ராஜினாமா செய்தாலும் விசாரணை நிற்காது

புகாருக்கு ஆளான ஆசிரியரிடம், "விஷயம் பெரிதாவதற்குள் ராஜினாமா கொடுத்துவிடுங்கள்" என்று வேண்டியவர்கள் யோசனை சொல்வதுண்டு. கலிபோர்னியாவில் வேலை பார்க்கும் ஆசிரியர்கள் இதை நம்பிவிடக் கூடாது. அங்கே அரசுப் பள்ளியில் வேலை தருவது கல்வி மாவட்டம்; உரிமம் தருவது மாநிலத்தின் ஆசிரியர் உரிம ஆணையம். புகார் நிலுவையில் இருக்கும்போது ஒருவர் விலகினாலும், ஓய்வு பெற்றாலும், மாவட்ட சூப்பரின்டென்டன்ட் 30 நாட்களுக்குள் அதை ஆணையத்துக்குத் தெரிவித்தாக வேண்டும்.

இந்தக் கண்டிப்பு தேவைதான். லாஸ் ஏஞ்சலிஸின் மிராமோன்டே தொடக்கப் பள்ளியில் குழந்தைகளிடம் அத்துமீறிய ஆசிரியருக்கு, 40,000 டாலர் கொடுத்து அவரை விலக வைத்தது மாவட்டம். 2012-இல் அவர் கைதானார். 2014-இல் பாதிக்கப்பட்டவர்களுக்கு 139 மில்லியன் டாலர் தர மாவட்டம் ஒப்புக்கொண்டது. சத்தமில்லாமல் அனுப்பிவைக்கப்படும் ஒருவர் அடுத்த ஊரில் இன்னொரு வகுப்பறைக்குள் நுழைந்துவிட முடியும் என்பதுதான் பெற்றோரின் நியாயமான பயம்.

ஆணையத்தின் கீழுள்ள ஏழு பேர் குழு புகாரை ஆராயும். அதில் மூவர் பொதுமக்களின் பிரதிநிதிகள். புகாரைக் கைவிடலாம், கண்டிக்கலாம், உரிமத்தை நிறுத்திவைக்கலாம், ரத்து செய்யலாம் என்று அது பரிந்துரைக்கும். ஆசிரியர் விழிப்பாக இருக்க வேண்டிய கட்டம் இது. பரிந்துரை வந்த 30 நாட்களுக்குள் முறையான விசாரணை வேண்டுமென்று எழுதிக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பரிந்துரையே தண்டனையாகிவிடும். ஆணையத்திடம் உள்ள முகவரிக்குத்தான் கடிதம் வரும். வீடு மாறியவர்கள் உடனே முகவரியைத் திருத்துங்கள். விசாரணைக்குப் போனால் குற்றத்தைத் தெளிவான ஆதாரத்தோடு நிரூபிக்க வேண்டிய பொறுப்பு ஆணையத்துடையது. வழக்கறிஞரை வைத்துக்கொள்ளலாம். தீர்ப்பு பாதகமானால் நீதிமன்றத்துக்கும் போகலாம். ஆனால் பாலியல் குற்றத்தில் தண்டனை பெற்றவருக்கு இந்த வழி எதுவும் கிடையாது. உரிமம் தானாகவே ரத்தாகும்.

உரிமத்தை ரத்து செய்யக் காரணமாகச் சொல்லப்படும் ஒழுக்கக்கேடு என்ற சொல்லை அதிகாரிகள் இஷ்டத்துக்கு வளைக்க முடியாதபடி ஒரு தீர்ப்பும் இருக்கிறது. சக ஆசிரியர் ஒருவருடன் ஒரு வாரம் இருந்த தன்பாலின உறவுக்காக மார்க் மோரிசன் என்ற ஆசிரியரின் உரிமத்தை மாநிலக் கல்வி வாரியம் ரத்து செய்தது. 1969-இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒருவரின் நடத்தை பிடிக்கவில்லை என்பது போதாது, கற்பிக்கத் தகுதியற்றவர் என்று காட்ட வேண்டும் என்றது. மாணவர்களைப் பாதித்ததா, எத்தனை காலத்துக்கு முன் நடந்தது, மறுபடி நடக்குமா என்றெல்லாம் பார்க்கச் சொன்னது. விசாரணைக்கு உள்ளாகும் ஆசிரியர் தன் வழக்கறிஞரிடம் முதலில் கேட்க வேண்டிய தீர்ப்பு இது.

பெற்றோரும் ஆணையத்திடம் புகார் தரலாம். நேரடியாக அறிந்த ஒருவர் கையெழுத்திட்ட உறுதிமொழி வாக்குமூலம் வேண்டும். கேள்விப்பட்ட செய்தி செல்லாது. குழந்தையிடம் அத்துமீறல் என்று சந்தேகம் வந்தால் ஆணையத்துக்குக் காத்திருக்காமல் முதலில் காவல்துறையிடம் போங்கள். உரிமத்தை ரத்து செய்ய மாதக்கணக்கில் ஆகலாம். குழந்தைக்கு அன்றே பாதுகாப்பு வேண்டும்.