கடிகாரமும் காமிராவும்

என் மேஜை அறைக்குள் 31 கைக்கடிகாரங்கள் இருக்கின்றன. வீட்டில் கேட்டால், அவற்றில் ஒன்றுகூடச் சரியான நேரம் காட்டுவதில்லை என்று சொல்வார்கள். இது அபாண்டம். நான்கு காட்டுகின்றன.

எல்லாம் பெங்களூர் எச்.எம்.டி. கடிகாரங்கள். ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் என்ற அரசாங்கத் தொழிற்சாலை 1953ல் ஏற்பட்டது. ஜப்பானிய ஸிடிஸன் கம்பெனியாரின் ஒத்துழைப்புடன் 1961ல் அது கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. முதல் கடிகாரங்களை வெளியிட்டவர் பண்டித நேரு. அதற்கு முன் நம்மவர் மணிக்கட்டில் பெரும்பாலும் ஸ்விட்ஜர்லாந்துதான் குடியிருந்தது. எச்.எம்.டி. வகைகளில் சாமானியருக்கென்று வந்தது 'ஜனதா'. சிலவற்றின் முகப்பில் அப்பெயர் நாகரி எழுத்தில் இருக்கும். தினம் ஒரு தடவை சாவி கொடுக்க வேண்டும். உள்ளே 17 கற்கள். நொடிக்கு ஐந்து துடிப்பு. கலியாணத்தில் மாப்பிள்ளைக்கு எச்.எம்.டி. போடுவது ஒரு காலத்தில் சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது.

என் தகப்பனாருக்கும் 1974ல் மாமனார் வீட்டில் ஒரு ஜனதா போட்டார்கள். காலையில் ஸ்நானம் முடிந்ததும் அதற்குச் சாவி கொடுத்த பிறகுதான் காபி. அவர் காலமான பின் அது நின்றுபோயிற்று. எங்கள் ஊர்க் கடைக்காரர் ஒருவரிடம் பழுது பார்க்கக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து வாங்கப் போனால், கடிகாரம் அமோகமாக ஓடுகிறது. ஆனால் அது அப்பாவின் கடிகாரமாக இல்லை! பழுப்பேறிய முகப்பும், நான்காம் மணியருகே நிலாவைப் போலிருந்த கறையும் போய், பளபளவென்று வெள்ளைச் சாயம் பூசியிருந்தது.

"பழைய முகப்பு எங்கே?" என்றேன்.

"அதைச் சுரண்டித்தானே ஸார் புதுசு பூசணும்!" என்றார், நான் சந்தோஷப்படுவேன் என்று எதிர்பார்த்துக்கொண்டு.

அவரை நொந்து என்ன பயன்? நான் சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து போட்டோ ஆல்பங்களையெல்லாம் புரட்டினேன். எல்லாப் படத்திலும் அப்பா இருக்கிறார். கடிகாரம் கடுகளவுதான் இருக்கிறது. அந்தக் கறை ஒன்றிலும் இல்லை. அன்று முதல், கைக்கு வரும் கடிகாரம் எதையும் படமெடுக்காமல் நான் திறப்பதில்லை.

படமெடுப்பது சுலபம் என்று எண்ணவேண்டாம். ஜனதாவின் மேல்மூடி மேடிட்ட பிளாஸ்டிக். முதன் முதலில் நான் எடுத்த படங்களில் கடிகாரத்தைவிட என் வழுக்கைதான் தெளிவாக விழுந்தது. கறுப்பு அட்டையில் துவாரமிட்டு அதன் வழியே எடுத்தால் இந்த அவமானம் நேராது. வெயில் நேரே படக்கூடாது. ஜன்னலில் டிரேஸிங் காகிதத்தை ஒட்டி, அதில் வடிந்து வரும் வெளிச்சம் போதும். முட்களைப் பத்து மணி பத்து நிமிஷத்தில் வைப்பது விளம்பரக்காரர்களின் வழக்கம். பன்னிரண்டின் கீழுள்ள கம்பெனிப் பெயர் மறையாதல்லவா? நான் கடிகாரம் எந்த நேரத்தில் நின்றிருந்ததோ அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

பிறகு விளக்கைத் தாழ்த்திப் பக்கவாட்டிலிருந்து ஒளி விழச் செய்து இன்னொரு படம். இதுதான் முக்கியம். அசல் எழுத்தின் ஓரம் கத்தியால் நறுக்கினாற்போல் இருக்கும். பின்னால் பூசிய எழுத்தோ தடித்து, ஓரம் படர்ந்திருக்கும். நிமிஷக் கோடுகளும் மணிக்குறிகளுக்கு நேராக நிற்காமல் சற்று விலகி நிற்கும். கண்ணை ஏமாற்றுகிற முகப்பு, பெரிதாக்கிய படத்தில் அகப்பட்டுக்கொள்ளும்.

இப்போது இந்தப் பரீட்சை அவசியமாகியிருக்கிறது. தமிழ்நாட்டு அரசாங்கத்தின் தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டாவும் சேர்ந்து 1984ல் ஏற்படுத்திய டைட்டன் கம்பெனியின் குவார்ட்ஸ் கடிகாரங்கள் ஹோசூரிலிருந்து வந்து, சாவிக் கடிகாரத்தின் மவுசைக் குறைத்தன. எச்.எம்.டி. கடிகாரக் கம்பெனியை மூட 2016ல் மத்திய அரசாங்கம் தீர்மானித்தது. மூடியதும் ஜனங்களுக்கு ஆசை பிறந்தது! ஒன்றின் உடல், இன்னொன்றின் இயந்திரம், மூன்றாவதன் முட்கள் என்று சேர்த்து, கிளிப்பச்சையிலும் குங்குமச் சிவப்பிலும் சாயம் பூசி, "பழைய அசல்" என்று விற்கிறார்கள். என்னுடைய 31ல் ஆறு இந்த ஜாதி. அவற்றையும் படமெடுத்து, ஏமாந்த விலையை அடியில் குறித்து வைத்திருக்கிறேன். புதிதாக வாங்க ஆசைப்படும் சிநேகிதர்களுக்கு முதலில் காட்டுவது அந்த ஆறு படங்களைத்தான்.

அப்பாவின் கடிகாரத்தை வெகுநாள் நான் படமெடுக்கவில்லை. சென்ற கோடை விடுமுறையில்தான் மனம் வந்தது. முகப்பை விட்டுவிட்டுப் பின்மூடியைக் கழற்றினேன். பழுது பார்ப்பவர்கள் மூடியின் உட்புறத்தில் ஊசியால் தேதி கீறிவைப்பது உண்டு. பக்கவாட்டு வெளிச்சத்தில் மூன்று தேதிகள் தெரிந்தன. அவற்றில் ஒன்று 1989ஆம் வருஷத்தியது. அந்த வாரம் கடிகாரமில்லாமல், திண்ணைத் தூணின் நிழல் எந்தக் கல்லில் விழுகிறதென்று பார்த்து அப்பா ஆபீஸுக்குக் கிளம்பியது எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. ஒரு நாளும் தாமதமாகவில்லை.