ஆகுபெயரான மல்லன்



அண்மையில் வகுப்பில் உவமையாகுபெயர் கற்பித்தேன். "காளை வந்தான்" என்னும் வழமையான உதாரணத்தோடு "தாராசிங் வந்தான்" என்பதையும் சொன்னேன். ஒரு மாணவன் எழுந்து, "தாராசிங் எண்டால் ஆர், சேர்?" என்று கேட்டான். வகுப்பில் ஒருவருக்குமே தெரியவில்லை.

என் சிறுபராயத்தில் எங்கள் ஊரில் அப்பெயரை அறியாதார் இல்லை. மெலிந்த பொடியனாகிய நான் கிணற்றடியிலிருந்து இரண்டு வாளி தண்ணீர் தூக்கிவந்தால், "தாராசிங் வாறார், வழி விடுங்கோ" என்பார் ஐயா. கேலி என்றே எண்ணினேன். தாராசிங்கின் படங்களைத் தேடிப் பார்த்த இரசிகர் ஐயா என்பதைப் பிற்காலத்திலேதான் அறிந்தேன்.

தாராசிங் 1928 இல் பஞ்சாப்பின் தர்முசக் கிராமத்தில் பிறந்தவர். தொழில்முறை மல்லராகி, 'கிங்கொங்' எனப் பெயர்பெற்ற பேருருவ மல்லரோடு பொருதார். 1968 இல் பம்பாயில் அமெரிக்கரான லூ தெஸ்ஸை வென்றார். தொழில்முறை மற்போரிலே வலிமையோடு நாடகமும் கலந்திருக்கும். அந்த நாடகப் பண்பே அவரைத் திரைக்கும் கொண்டுசென்றது எனலாம். 1987 இல், அறுபதை நெருங்கிய வயதில், ராமானந்த் சாகரின் 'ராமாயண்' தொலைக்காட்சித் தொடரில் அனுமனாகத் தோன்றினார். 2012 யூலை 12 இல் அவர் மறைந்தபோது, மல்லரை நினைந்தோரும் அனுமனை நினைந்தோரும் ஒருங்கே இரங்கினர்.

இங்கே ஆகுபெயரின் இயல்பொன்றை நோக்குதல் வேண்டும். அது ஒருவரின் பல பண்புகளுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஏனையவற்றைக் கைவிடுகிறது. கம்பன் காட்டும் கும்பகருணன் தமையனுக்கு நியாயத்தை எடுத்துரைத்தவன். அவன் கேளாதபோதும் அவனுக்காகவே களத்தில் வீழ்ந்தவன். நமது பேச்சிலோ அவன் வெறும் தூங்குமூஞ்சி. அவ்வாறே தாராசிங்கும் நம் வாயில் வெறும் உடம்பானார். வலிமையும் பணிவும் ஓருருவில் நின்ற அனுமனை அவரிடம் கண்டவர்களோ முழு மனிதரை நினைவில் வைத்திருந்தார்கள். மொழி கைவிடுவதை இரசிகரின் நெஞ்சம் காக்கிறது. அந்த நெஞ்சங்கள் மறைந்தபின் பெயர் மட்டும் எஞ்சும்; பின்னர் அதுவும் தேய்ந்துபோகும்.

ஐயா இன்று இல்லை. அவர் சொன்னது கேலியா, தாம் போற்றிய ஒருவரின் பெயரை மகனுக்குச் சூட்டிய ஆசையா என்று இனிக் கேட்கவும் முடியாது. அன்று மாணவனுக்கு இவ்வளவையும் சொல்லி முடித்தேன். மறுநாள் மேசையொன்றைத் தனியே தூக்கிவந்த தோழனைக் கண்டு அவன் சொன்னான்: "தாராசிங் வாறார், வழி விடுங்கோ!"