சக்கரத்தின் அடியில் ஒரு மனிதர்

கண்களைக் கட்டிய ஒரு பெண், அதிர்ஷ்ட தேவதை. தோளில் சிறகுகள். அவளைச் சுற்றி ஒரு சக்கரம், சக்கரத்தைப் பற்றியபடி நான்கு பேர். ஏறிக்கொண்டிருப்பவன் ‘ஆளப்போகிறேன்’ என்கிறான். உச்சியில் அமர்ந்திருப்பவன் ‘ஆள்கிறேன்’ என்கிறான். தலைகீழாக இறங்குபவன் ‘ஆண்டேன்’ என்கிறான். அடியில், மண்ணில் கையூன்றிக் கிடக்கும் தாடிக்காரக் கிழவர் சொல்வது: ‘எனக்கு ஆட்சி இல்லை.’

தங்கத் தகடு பதித்த இந்த டாரட் சீட்டின் உயரம் சுமார் 17 சென்டிமீட்டர். 15ஆம் நூற்றாண்டின் நடுவில், மிலான் நகரை ஆண்ட விஸ்கோன்டி-ஸ்ஃபோர்சா குடும்பத்துக்காக வரையப்பட்டது. வரைந்தவர் போனிஃபாசியோ பெம்போ என்று கருதுகிறார்கள். டாரட் என்றதும் இன்று குறி கேட்பதுதான் நினைவுக்கு வருகிறது. அன்று அது அரண்மனையில் பொழுதுபோக்காக ஆடிய சீட்டாட்டம். 1781இல் கூர் த ஜெபெலின் என்ற பிரெஞ்சுக்காரர் இது பழைய எகிப்தின் ரகசிய ஞானம் என்று எழுதினார். ஆதாரம் எதுவும் கிடையாது. ஆனாலும் அந்தக் கதைதான் நிலைத்தது.

உண்மையில் இந்தச் சக்கரத்துக்குப் பின்னால் இருப்பது எகிப்து அல்ல, ஒரு சிறைக் கைதி.

மிலானுக்குத் தெற்கே, பக்கத்திலேயே இருக்கிறது பாவியா. போயேத்தியஸ் என்ற ரோமானியத் தத்துவவாதி அங்கேதான் சிறைவைக்கப்பட்டார் என்பது மரபு. 510இல் கான்சல் என்ற உயர்பதவி வகித்தவர். 522இல் அவருடைய இரண்டு மகன்களும் ஒரே ஆண்டில் கான்சல்கள் ஆனார்கள். ஒரு தகப்பனுக்கு அதைவிட என்ன வேண்டும்! அடுத்த ஓரிரு ஆண்டுகளில், மன்னர் தியோடோரிக்குக்கு எதிராகச் சதி செய்தார் என்ற பழி விழுந்தது, மரண தண்டனை. காவலில் இருந்த நாட்களில் அவர் எழுதிய ‘தத்துவத்தின் ஆறுதல்’ என்ற நூல்தான் இந்தச் சக்கரத்தை ஐரோப்பாவெங்கும் பரப்பியது.

அந்த நூலில் தத்துவம் ஒரு பெண்ணாக வந்து அவரோடு வாதாடுகிறது. அதிர்ஷ்டத்தின் குணமே மாறுவது. அது மாறிவிட்டதே என்று அழுவதில் என்ன நியாயம்? ஏறும்போது பிடித்திருந்த சக்கரம் இறக்கும்போது மட்டும் அநீதி ஆகிவிடுமா? அதற்கும் ஒரு படி மேலே போகிறார் போயேத்தியஸ். நல்ல காலத்தைவிடக் கெட்ட காலமே மனிதனுக்கு உதவுகிறது என்கிறார். நல்ல காலம் சிரித்துச் சிரித்து ஏமாற்றும். கெட்ட காலம் உண்மையைச் சொல்லும். யார் நண்பன் என்று காட்டிவிட்டுப் போகும். வெளியே இருந்து வாதிட்டவர் அல்ல அவர். சாவை எதிர்பார்த்துக்கொண்டே இதை எழுதினார் என்பதால்தான் அந்த வாதத்துக்கு இத்தனை கனம்.

இப்போது சீட்டை இன்னொரு முறை பார்க்க வேண்டும். ஏறுகிறவன் தலையில் கழுதைக் காது முளைக்கிறது. உச்சியில் இருப்பவனுக்கு அது நன்றாகவே வளர்ந்துவிட்டது. இறங்குகிறவனுக்குக் கழுதை வால். நால்வரில் முழு மனிதராக இருப்பவர் அடியில் கிடக்கும் அந்தக் கிழவர் ஒருவர்தான். ஆளும் குடும்பம் கையில் வைத்து ஆடிய சீட்டில் இதை வரைய ஓவியருக்கு எவ்வளவு துணிச்சல் இருந்திருக்க வேண்டும்!

அந்தக் குடும்பத்தையும் சக்கரம் விடவில்லை. லியோனார்டோவைக் கொண்டு ‘கடைசி விருந்து’ ஓவியத்தை வரையச் செய்த லுதோவிக்கோ ஸ்ஃபோர்சா, 1500இல் பிரெஞ்சுப் படையிடம் சிக்கினார். 1508இல் பிரான்சின் லோஷ் கோட்டையில் கைதியாகவே இறந்தார்.

இன்று உலகெங்கும் புழங்குவது 1909இல் லண்டனில் வெளியான சீட்டுக்கட்டு. ஏ. ஈ. வெய்ட் திட்டமிட, பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்தது. அதிலும் சக்கரம் உண்டு. உச்சியில் ஸ்ஃபிங்ஸ், ஒரு பக்கம் பாம்பு, அடியில் நாய்முகத் தெய்வம், சக்கரத்தின் மேல் மர்ம எழுத்துகள். அழகான படம்தான். ஆனால் ‘எனக்கு நல்ல காலம் எப்போது?’ என்ற கேள்வியோடு வருகிறவர் முன்னால் விரிக்கப்படும் அந்தச் சீட்டின் சக்கரத்தில் மனிதர் ஒருவரும் இல்லை. கழுதைக் காதுகளோடு சேர்த்து அந்தக் கிழவரையும் எடுத்துவிட்டார்கள்.