இருட்டைத் துரத்தும் ஈயம்
பாலிகஞ்ச் வீடுகளின் இன்வெர்ட்டர் பேட்டரிக்குள் நடக்கும் ரசாயனம் எளிமையானது. வெளியே நடப்பதுதான் சிக்கல்.

1970களின் கடைசியிலும் 1980களிலும் கொல்கத்தாவில் வசித்தவர்களிடம் 'லோடு ஷெடிங்' என்று சொன்னால் போதும், கதை கதையாகச் சொல்வார்கள். மாலையானால் தெருத் தெருவாக இருள் சூழும். பணக்காரப் பேட்டை என்று பெயரெடுத்த பாலிகஞ்சும் தப்பவில்லை. பக்கத்திலுள்ள லேக் மார்க்கெட் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களும் ஹரிக்கேன் விளக்கை ஏற்றிவைத்துத்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தன. வசதி உள்ளவர்கள் ஜெனரேட்டர் வாங்கினார்கள். பிறகு சத்தமும் புகையும் இல்லாத இன்வெர்ட்டர் வந்தது. கூடவே, மாடிப்படிக்கு அடியில் கறுப்பு நிறத்தில் ஒரு கனத்த பேட்டரியும்.

லோடு ஷெடிங் காலம் மலையேறிவிட்டது. பேட்டரி மட்டும் போகவில்லை. 2020 மே மாதம் உம்பன் புயல் அடித்தபோது நகரின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. இன்வெர்ட்டர்களோ சில மணி நேரத்தில் கை விரித்துவிட்டன. கணக்கைப் பார்த்தால் இதில் ஆச்சரியமில்லை. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி என்று எழுதியிருக்கும் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவு 1.8 யூனிட். இரண்டு மின்விசிறி, நாலைந்து விளக்கு என்று 200 வாட் செலவானால், காகிதக் கணக்குப்படி 9 மணி நேரம் வரும். நடைமுறையில் அதுவும் தேறாது.

அந்த 1.8 யூனிட் பெட்டிக்குள் மின்சாரமாக இருப்பதில்லை என்பதுதான் வேடிக்கை. குடத்தில் தண்ணீர் நிரப்புவதுபோல மின்சாரத்தை உள்ளே ஊற்றி வைப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். உள்ளே இருப்பது ரசாயனப் பொருள்கள்தான். அவை ஒன்றோடொன்று வினைபுரியும்போது வெளிப்படும் ஆற்றலே மின்சாரமாக வருகிறது.

பள்ளிக்கூடச் சோதனை ஒன்று இதைப் புரியவைக்கும். மயில்துத்தக் கரைசலில் துத்தநாகத் தூளைப் போட்டுக் கலக்கினால் நீல நிறம் வெளிறும், செம்பு படியும், பாத்திரம் சுடும். 65 கிராம் துத்தநாகம் இப்படி வினைபுரிந்தால் சுமார் 218 கிலோ ஜூல் வெப்பம் வரும். அரை லிட்டருக்குச் சற்று அதிகமான தண்ணீரைக் கொதிக்க வைக்க இது போதும். இங்கே துத்தநாகத்திடமிருந்து செம்பு அயனிகளுக்கு எலக்ட்ரான்கள் நேரடியாகக் கைமாறுகின்றன. அதனால் ஆற்றல் முழுவதும் சூடாகவே போய்விடுகிறது.

1836இல் லண்டனில் ஜான் ஃபிரெடரிக் டேனியல் இந்த இரண்டையும் பிரித்து வைத்தார். துத்தநாகம் ஒரு அறையில், செம்புக் கரைசல் இன்னொரு அறையில். நடுவே அயனிகள் மட்டும் கசிந்து போகக்கூடிய தடுப்பு. எலக்ட்ரான்கள் மறுபுறம் போக வேண்டுமானால் வெளியே உள்ள கம்பி வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். போகிற வழியில் அவற்றை வேலை வாங்கலாம். அதே வினை, அதே ஆற்றல். ஆனால் 218 கிலோ ஜூலில் சுமார் 212ஐ மின்சாரமாகவே எடுக்க முடியும். மின்கலத்தின் ரகசியம் இவ்வளவுதான்.

டேனியல் கலத்தில் துத்தநாகம் கரைந்து தீர்ந்தால் கதை முடிந்தது. 1859இல் பிரான்சின் காஸ்டன் பிளாண்டே உருவாக்கிய ஈய-அமிலக் கலம் அப்படியல்ல. மின்சாரத்தைத் திருப்பிச் செலுத்தினால் வினையும் திரும்பி நடக்கும். பாலிகஞ்ச் மாடிப்படிக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் அதன் வாரிசுதான். ஒரு தகடு ஈயம், மறு தகடு ஈய டையாக்சைடு, இரண்டுக்கும் இடையே நீர்த்த கந்தக அமிலம். விளக்கு எரிய எரிய இரண்டு தகடுகளிலும் ஈய சல்பேட் படிகிறது, அமிலம் நீர்த்துப்போகிறது. சார்ஜ் செய்யும்போது எல்லாம் பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஒரு கலத்துக்கு 2 வோல்ட். ஆறு கலம் சேர்ந்தால் 12.

மெக்கானிக் சொல்லும் விதிகளுக்கும் இதுவே காரணம். அமிலத்தின் ஒப்படர்த்தியைப் பார்த்தே அவர் சார்ஜைச் சொல்லிவிடுவார்: நிறைந்திருந்தால் சுமார் 1.25, தீர்ந்திருந்தால் 1.15க்கும் கீழே. சார்ஜ் அதிகமானால் அமிலத்திலுள்ள நீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும். அதனால்தான் அவ்வப்போது டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற வேண்டும். ஹைட்ரஜன் தீப்பற்றும் வாயு என்பதால் காற்றோட்டமும் வேண்டும். தீர்ந்துபோன பேட்டரியை மாதக்கணக்கில் அப்படியே போட்டு வைத்தால் ஈய சல்பேட் கெட்டிப்பட்டுவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பிரயோஜனமில்லை.

என்னதான் பராமரித்தாலும் சில ஆண்டுகளில் தகடுகள் உதிரத் தொடங்கும். வினை ஓய்ந்துவிடும், ஈயம் அப்படியே இருக்கும். ஐம்பது கிலோவைத் தாண்டும் இன்வெர்ட்டர் பேட்டரியில் பாதிக்கு மேல் ஈயம்தான். உருக்கினால் மறுபடியும் பேட்டரிக்கு ஆகும் என்பதால் செத்த பேட்டரிக்கும் நல்ல விலை உண்டு. கடைக்காரர் எடுத்துக்கொண்டால் சரி. வாசலுக்கு வரும் பிக்ரிவாலாவிடம் போட்டால், அது எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. கோடாலியால் உடைத்து, அமிலத்தைச் சாக்கடையில் கொட்டி, திறந்தவெளி உலையில் ஈயத்தை உருக்கும் பட்டறைகள் நாடெங்கும் உண்டு.

ஈய உலையும் குடியிருப்பும் அடுத்தடுத்து இருந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தொலைவில் உதாரணம் தேட வேண்டாம். பாலிகஞ்சுக்குக் கிழக்கே, ரயில் பாதைக்கு அப்பால் இருக்கும் பிக்னிக் கார்டன் நெருக்கமான குடியிருப்புப் பகுதி. அங்கே ஈயக் கட்டிகளும் ஈயக் கலவைகளும் தயாரித்த ஆலை ஒன்றால் சுற்றுப்புறம் கடுமையாக மாசுபட்டதை 1999இல் வெளியான ஆய்வுக் கட்டுரை பதிவு செய்தது.

ஈயத்துக்கு முதலில் பலியாவது குழந்தைகள். உடம்பு அதைக் கால்சியம் என்று நினைத்து ஏமாந்துபோகிறது. வயிற்றுக்குள் போன ஈயத்தைப் பெரியவர்களைவிடக் குழந்தைகள் நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்கிறார்கள். மூளை வளர்ச்சி பாதிக்கப்படுகிறது. போன அறிவுத்திறன் திரும்புவதில்லை. ரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பாதகமில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். யூனிசெஃபும் 'ப்யூர் எர்த்' அமைப்பும் 2020இல் வெளியிட்ட அறிக்கையின் மதிப்பீட்டின்படி, உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோ கிராம் அல்லது அதற்கு மேல் ஈயம் இருக்கிறது. இந்தியாவில் மட்டும் இப்படி சுமார் 27.5 கோடிக் குழந்தைகள். முக்கியக் காரணங்களில் ஒன்றாக அறிக்கை சுட்டியது, முறையற்ற பேட்டரி மறுசுழற்சியை.

சட்டம் இல்லாமல் இல்லை. விற்பனையாளர் பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று, பதிவு பெற்ற ஆலைகளுக்கு அனுப்ப வேண்டும் என்று 2001ஆம் ஆண்டு விதிகள் கூறின. 2022இல் வந்த புதிய விதிகள் அந்தப் பொறுப்பை உற்பத்தியாளர் தலையில் சுமத்தின. ஆனால் பட்டறைக்காரருக்குப் புகைவடிகட்டிச் செலவு இல்லை. அதனால் அவரால் சில நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுக்க முடிகிறது. விதிகள் தோற்பது அந்தச் சில நூறில்தான்.

ஈயத்தின் இடத்துக்கு லித்தியம் வந்துகொண்டிருக்கிறது. அதற்கு வழிவகுத்த மூவருக்கு 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்தில் 1948இல் அடிக்கல் நாட்டப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இரண்டு வகைக் கலங்களிலும் ஆராய்ச்சி செய்கிறது. இருந்தாலும் விலை மலிவு என்பதால் ஈயம் இன்னும் பல காலம் வீடுகளில் இருக்கும்.

அதுவரை பேட்டரி வைத்திருப்பவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. புதியது வாங்கும்போது பழையதை அதே கடையில் ஒப்படைத்து ரசீது கேட்பது. நஷ்டம் சில நூறு ரூபாய். லாபம், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் வளரும் ஏதோ ஒரு குழந்தைக்கு.