குளியலறைக் கீசர்: கதவைத் தாழிடுமுன் அறிய வேண்டியவை

கார்த்திகை கழிந்து குளிர் இறங்கியதும், நாட்டின் பல பகுதிகளில் வெந்நீர் இன்றியமையாத தேவையாகி விடுகிறது. விறகடுப்பும் செப்புத் தவலையும் இருந்த இடத்தை மின் கீசரும் எரிவாயுக் கீசரும் எடுத்துக்கொண்டு நெடுங்காலமாகிறது. அவற்றால் நேரம் மிச்சமாகிறது. முதியோருக்கும் குழந்தைகளுக்கும் குளிர்காலம் எளிதாகிறது. எனினும் ஆண்டுதோறும் இதே பருவத்தில் ஒரே வகைச் செய்தி நாளிதழ்களில் வருவதையும் நாம் காண்கிறோம். நல்ல உடல்நலத்துடன் இருந்த ஒருவர் குளிக்கச் செல்கிறார். நெடுநேரமாகியும் வெளியே வரவில்லை. கதவை உடைத்துப் பார்க்கும்போது அவர் நினைவிழந்து கிடக்கிறார். உடலில் காயமில்லை, தீப்புண் இல்லை, அறையில் புகையும் இல்லை. சுவரில் எரிவாயுக் கீசர் மட்டும் எரிந்துகொண்டிருக்கிறது.

இத்தகைய மரணங்கள் ஏறத்தாழ அனைத்தும் தவிர்க்கக் கூடியவை. வீட்டுக் கடன் பெற்றுப் புதுமனை புகுவோரும், பணியிட மாற்றத்தால் வெளியூரில் வாடகை வீடு தேடுவோரும் நம் வாடிக்கையாளர்களில் ஏராளம். அவர்கள் அனைவருக்கும் பயன்படும் என்பதால், இக்கருவிகள் எவ்வாறு செயற்படுகின்றன, எங்கே தவறு நேர்கிறது, எவ்வாறு பொருத்திப் பேண வேண்டும் என்பதை இங்கு விளக்க முற்படுகிறோம்.

ஒரு சிறு கணக்கு

எரிவாயுக் கீசரில் நீரைச் சேமிக்கும் தொட்டி இல்லை. குழாயில் ஓடும் நீரை ஓடும்போதே சூடாக்குவதால் அதன் சுடர் மிகப் பெரியதாக இருக்க வேண்டும். நிமிடத்திற்கு 6 லிட்டர் நீரின் வெப்பத்தை 25 பாகை உயர்த்த ஏறத்தாழ 10 கிலோவாட் ஆற்றல் தேவை. சமையலறை அடுப்பின் ஓர் எரிமுனை இரண்டு அல்லது மூன்று கிலோவாட் அளவே தரும். அதாவது, நான்கைந்து அடுப்புகளை ஒருங்கே எரியவிட்டு, அதே அறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு நாம் குளிக்கிறோம்.

இச்சுடர் ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ ஒரு கிலோ எரிவாயுவை எரிக்கும். ஒரு கிலோ எரிவாயு முழுமையாக எரிய ஏறத்தாழ 13 கன மீட்டர் காற்று வேண்டும். ஆகவே, கால் மணி நேரக் குளியலுக்கு மூன்று கன மீட்டருக்குச் சற்று மேற்பட்ட காற்று செலவாகிறது. ஐந்தடி அகலமும் ஏழடி நீளமும் எட்டடி உயரமும் உள்ள குளியலறையின் மொத்தக் கொள்ளளவே எட்டு கன மீட்டர்தான். புதுக்காற்று புக வழியில்லையெனில், அறையிலுள்ள காற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அச்சுடருக்கே போய்விடும். எஞ்சியதை நாம் சுவாசிக்க வேண்டும்.

ஆக்சிஜன் குறைவது முதற்கேடு. அதனினும் கொடிய இரண்டாவது கேடு அதனைத் தொடர்ந்து வருகிறது. போதிய காற்றின்றி எரியும்போது எரிவாயு முழுமையாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணையோ தொண்டையையோ அது உறுத்துவதும் இல்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான வலிமையுடன் அது பிணைந்து கொள்கிறது. இரத்தம் ஓடிக்கொண்டிருந்தும் மூளைக்கும் இதயத்திற்கும் ஆக்சிஜன் செல்வதில்லை. முதலில் தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், கைகால் தளர்ச்சி ஆகியவை தோன்றும். ஆபத்தை உணர்ந்து கதவைத் திறக்க முனையும்போது கால்கள் ஒத்துழைப்பதில்லை. சிலருக்கு எவ்வித முன்னறிவிப்புமின்றி மயக்கமே வந்துவிடுகிறது.

எங்கே பொருத்துவது?

எரிவாயுக் கீசரைக் குளியலறைக்குள் பொருத்தாதிருப்பதே தலையாய விதி. பால்கனி, சலவைப் பகுதி, வெளிச்சுவர் என நன்கு காற்றோட்டமுள்ள இடத்தில் கருவியைப் பொருத்தி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவர வேண்டும். குழாய் நீளுவதால் கூடும் செலவு, கீசரின் விலையோடு ஒப்பிட்டால் பெரிதன்று.

வெளியே பொருத்தினாலும் எரிந்த வாயு சன்னல் வழியே மீண்டும் வீட்டினுள் புகாதவாறு இடம் தேர வேண்டும். புகைக்குழாயுடன் வரும் வகையாயின், அக்குழாய் அடைப்பின்றி நேரே வெளிவானத்திற்குச் செல்ல வேண்டும். கட்டடத்தின் நடுவேயுள்ள குறுகிய காற்றுக் கூண்டில் அதனை விடுவது, நம் வீட்டுப் புகையை மேல்மாடியில் குடியிருப்போருக்கு அனுப்புவதாகும்.

‘எக்சாஸ்ட் விசிறி இருக்கிறதே’ எனப் பலர் ஆறுதல் கொள்கின்றனர். காற்றை வெளியேற்றும் விசிறிக்கு, உள்ளே காற்று வரும் வழியும் வேண்டும். கதவும் சன்னலும் இறுக மூடியிருந்தால் விசிறி சுழல்வதால் பயன் குறைவே. புகைக்குழாயுள்ள கருவி அதே அறையில் இருந்தால், விசிறி அக்குழாய் வழியாகவே புகையைத் திரும்ப இழுத்துவிடவும் கூடும். குளிருக்கு அஞ்சிக் காற்றுத் துளைகளில் அட்டையோ பாலித்தீனோ ஒட்டுவது பெரும்பிழை. விபத்துகள் குளிர்காலத்தில் மிகுவதற்கு இவ்வழக்கமும் ஒரு காரணம்.

கருவியில் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதா எனப் பார்த்து வாங்குக. சுடர் அணைந்தால் எரிவாயுவைத் தானே நிறுத்தும் அமைப்பும், ஆக்சிஜன் குறைந்தால் நின்றுவிடும் உணரியும் உள்ள வகைகளைத் தேர்க. சிலிண்டர் எரிவாயுவுக்கான கீசரைக் குழாய் எரிவாயு இணைப்பில் அப்படியே பொருத்தலாகாது. இரண்டின் அழுத்தமும் எரியும் இயல்பும் வேறு. உரிய தொழில்நுட்பரே அதற்கேற்ப மாற்றித் தர வேண்டும். சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தி வைக்க வேண்டும். சிலிண்டர் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படரும். ஆகையால் சிலிண்டர் இருக்கும் இடத்தில் தரையை ஒட்டியும் காற்றுவழி இருத்தல் நன்று.

பேணும் முறை

சுடரின் நிறமே நமக்குக் கிடைக்கும் முதல் எச்சரிக்கை. அது தெளிந்த நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ மாறினாலும், கருவியின் மேற்பகுதியில் கரி படிந்தாலும், முழுமையாக எரியவில்லை என்பது பொருள். அன்றே பயன்பாட்டை நிறுத்திப் பழுதுபார்ப்பவரை அழைக்க வேண்டும். குறை தெரியாவிடினும், ஆண்டுக்கொருமுறை குளிர்காலத்திற்கு முன் எரிமுனையையும் வெப்பம் கடத்தும் பகுதியையும் தூய்மை செய்வித்தல் வேண்டும். தூசியும் சிலந்தி வலையும் காற்றுத் துளைகளை அடைத்தாலே சுடர் கெடும்.

ரப்பர்க் குழாயின் மேல் அச்சிட்டுள்ள காலாவதி நாளைப் பார்க்கவும். பொதுவாக ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதனை மாற்ற வேண்டும். வெடிப்போ தளர்ச்சியோ கண்டால் உடனே மாற்றுக. கசிவை அறிய இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவினால் போதும், கசியும் இடத்தில் குமிழி எழும். தீக்குச்சி கொளுத்திச் சோதிப்பது ஒருபோதும் கூடாது.

பயன்படுத்தும்போது

கீசர் குளியலறைக்குள்ளேயே உள்ள வீட்டில் குடியிருக்க நேர்ந்தால், அதனை இடம் மாற்றும் வரை ஒரு வழக்கத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கவும். கதவைத் திறந்து வைத்து வாளியில் வெந்நீர் நிரப்புக. கீசரை அணைத்து, எரிவாயு வால்வையும் மூடுக. சில நிமிடம் காற்றோட விட்டபின் குளிக்கச் செல்க. ஒருவர்பின் ஒருவராக இடைவெளியின்றிக் குளிப்பதைத் தவிர்க்கவும். முதலாமவர் நலமாக வெளியே வந்துவிட, இரண்டாமவரோ மூன்றாமவரோ மயங்குவதற்கு அறையில் தேங்கிய வாயுவே காரணமாகலாம்.

எவரேனும் மயங்கிக் கிடந்தால், முதலில் கதவு சன்னல்களை விரியத் திறந்து, எரிவாயுவை நிறுத்தி, அவரைத் திறந்தவெளிக்குக் கொண்டுசெல்க. காப்பாற்றச் செல்பவர் மூடிய அறையில் நின்றுகொண்டே முயன்றால் அவரும் மயங்க நேரிடும். 112 அல்லது 108 எண்ணை அழைத்து, கீசர் எரிந்துகொண்டிருந்ததைத் தவறாமல் கூறவும். அச்செய்தி மருத்துவருக்கு மிகவும் பயன்படும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இயல்பான அளவைக் காட்டுகிறதென்று வாளாவிருந்துவிட வேண்டாம். இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு கலந்திருப்பதை அக்கருவி பிரித்தறியாது. மயக்கம் தெளிந்தாலும் மருத்துவமனைக்குச் செல்வதே முறை.

எரிவாயு நாற்றம் வீசினால் எந்த மின் சுவிட்சையும் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, கதவுகளைத் திறந்து, வெளியே சென்றபின் 1906 என்னும் அவசர உதவி எண்ணை அழைக்கவும்.

மின் கீசருக்கும் விதிகள் உண்டு

மின் கீசரில் நச்சு வாயு இல்லை. மின்னதிர்ச்சியும் மிகை அழுத்தமுமே அதன் ஆபத்துகள். 2 கிலோவாட் கருவி ஏறத்தாழ 9 ஆம்பியரும், 3 கிலோவாட் கருவி 13 ஆம்பியரும் மின்னோட்டம் இழுக்கும். ஆகவே 16 ஆம்பியர் பிளக்கும், அதற்கேற்ற தடிப்புள்ள தனிக் கம்பியும் தேவை. நீட்டிப்புக் கம்பியில் இணைப்பது கூடாது. முறையான எர்த் இணைப்புடன், 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்னைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் வீட்டின் மின்பலகையில் பொருத்துதல் உயிர்காக்கும் செலவு. சுவிட்ச் குளியலறைக்கு வெளியே, ஈரக்கை படாத இடத்தில் இருக்கட்டும். குளிக்குமுன் அதனை அணைத்துவிடும் வழக்கமும் நன்று.

மூடிய தொட்டியில் நீர் சூடேறும்போது அழுத்தமும் ஏறுகிறது. தெர்மோஸ்டாட் பழுதானால் அவ்வழுத்தத்தை வெளியேற்றுவது பாதுகாப்பு வால்வு ஒன்றே. அதிலிருந்து சொட்டும் நீரைத் தொல்லையென்று கருதி அதன் வாயை அடைத்துவிடுவோர் உளர். அவ்வாறு செய்தால் தொட்டி வெடிக்கும் நிலைக்கு ஆளாகலாம். நீர் நிரம்பிய 25 லிட்டர்க் கீசரில் நீரின் எடை மட்டுமே 25 கிலோ. அதனைத் தாங்கும் உறுதியான சுவரில் தக்க போல்ட்டுகளால் பொருத்த வேண்டும். அடுக்குமாடிகளில் ஒவ்வொரு 10 மீட்டர் நீருயரத்திற்கும் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் கூடுவதால், எத்தனை பார் தாங்கும் என்பதைக் கேட்டறிந்து வாங்குக. உப்புநீர் வரும் ஊர்களில் ஆண்டுக்கொருமுறை உட்படிவை நீக்கி, துருவைத் தடுக்கும் மக்னீசியத் தண்டையும் பார்க்கச் செய்தல் வேண்டும்.

வாடகை வீடும் காப்பீடும்

வாடகைக்கு வீடு பார்க்கும்போது அறைகளை எண்ணுவதோடு, கீசர் எங்குள்ளது என்பதையும் பார்த்துவிடுக. குளியலறைக்குள் எரிவாயுக் கீசர் இருப்பின், அதனை வெளியே மாற்றித் தருமாறு உரிமையாளரிடம் ஒப்பந்தத்திற்கு முன்பே கேட்டுக்கொள்வது எளிது. வீட்டை வாடகைக்கு விடும் வாடிக்கையாளர்களும் இதனைத் தம் பொறுப்பாகக் கொள்ள வேண்டுகிறோம்.

பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா 18 முதல் 70 வயது வரையுள்ள வங்கிக் கணக்குதாரர்களுக்கான விபத்துக் காப்பீடு. ஆண்டுக்கு 20 ரூபாய் பிரிமியத்தில், விபத்து மரணத்திற்கு 2 லட்சம் ரூபாய் பாதுகாப்பு அளிக்கிறது. பிரிமியம் கணக்கிலிருந்தே எடுக்கப்படுவதால், ஜூன் 1 அன்று தொடங்கும் காப்பீட்டு ஆண்டுக்கு முன்னர், மே இறுதியில் போதிய இருப்பு உள்ளதா எனப் பார்த்துக்கொள்க. வாரிசுதாரர் நியமனம் சரியாக உள்ளதா என்பதையும் அன்றே சரிபார்த்துவிடலாம். சிலிண்டர் விபத்துகளுக்கு எண்ணெய் நிறுவனங்கள் எடுத்துள்ள காப்பீடும் உண்டு. விபத்து நேர்ந்தால் விநியோகஸ்தருக்கு எழுத்து மூலம் உடனே தெரிவிக்க வேண்டும்.

சொல்லத் தயக்கமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். குளியலறையில் நேரும் இத்தகைய மரணங்களை மாரடைப்பு என்றெண்ணி, காவல்துறைக்குத் தெரிவிக்காமலும் பிரேதப் பரிசோதனையின்றியும் இறுதிச் சடங்கை முடித்துவிடும் குடும்பங்கள் உண்டு. பின்னர் அதனை விபத்தென மெய்ப்பிக்க வழியின்றிக் காப்பீட்டுத் தொகையை இழக்க நேரிடலாம். பணத்தினும் மேலாக, காரணம் தெரியாததால் அதே கீசரை அடுத்த நாளும் அவ்வீட்டார் பயன்படுத்துவர். அவ்விரண்டாவது துயரம் எவருக்கும் நேர வேண்டாம்.

இவ்விதழை மடித்து வைக்குமுன் உங்கள் வீட்டுக் கீசரை ஒருமுறை பார்த்து வாருங்கள். அது இருக்கும் இடம், சுடரின் நிறம், குழாயின் காலாவதி நாள், காற்று வரும் வழி ஆகிய நான்கையும் பார்க்க ஐந்து நிமிடம் போதும். குறையேதும் கண்டால், அது நீங்கும் வரை அடுப்பில் காய்ச்சிய வெந்நீரே போதுமெனக் கொள்வோம்.