ஃபிஸ்டுலா கை வீங்கினால்

காரியாபட்டியிலிருந்தும் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்தும் டயாலிசிஸுக்கு வருவோர் சிலர், ஃபிஸ்டுலா உள்ள கை வீங்கினால் சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் தேய்த்து உருவிவிடுகின்றனர். இது கூடாது. உடலில் நீர் மிகுந்தால் பெரும்பாலும் இரு கால்களும் முகமும் வீங்கும். ஃபிஸ்டுலா உள்ள கை மட்டும் தோள்வரை வீங்குமாயின், காரணம் பெரும்பாலும் மார்புக்குள் உள்ளது.

தமனியையும் சிரையையும் மணிக்கட்டில் இணைக்கும் ஃபிஸ்டுலா முறையை நியூயார்க் மருத்துவர்களான பிரெசியா, சிமினோ முதலியோர் 1966-இல் வெளியிட்டனர். இணைத்தபின் அக்கையின் சிரையில் இரத்தம் பன்மடங்கு பெருகிப் பாய்கிறது. அவ்வளவும் காறை எலும்பின் பின்னுள்ள பெருஞ்சிரை வழியாகவே இதயத்தை அடைய வேண்டும். வரத்துக்காலில் வெள்ளம் வரும்போது மடை தூர்ந்துகிடந்தால் கண்மாய்க்கு நேர்வதே, அச்சிரை சுருங்கினால் கைக்கும் நேர்கிறது.

சுருக்கத்திற்குப் பெருங்காரணம் முன்பு வைத்த டியூப். அதன் உராய்வால் சிரையின் உட்சுவர் தடித்துவிடுகிறது. கழுத்தின் வலப்புறம் வைப்பதைவிடக் காறை எலும்பின் கீழ் வைக்கும் டியூபால் இத்தொல்லை மிகுதி. ஃபிஸ்டுலா பக்குவமடைய ஆறு முதல் எட்டு வாரங்களாவது தேவை. கத்திக்கு அஞ்சி அறுவையைத் தள்ளிப்போடுவோர், அதனினும் தீங்கான டியூபுடன் மாதக்கணக்கில் வாழ நேர்கிறது. இவ்வச்சத்தைக் களைவதே எங்களுக்குக் கடினமான பணி.

வளையல் இறுகுதல், தோளிலும் மார்பிலும் நீல நரம்புகள் புடைத்தல், ஊசியை எடுத்தபின் இரத்தம் நெடுநேரம் நிற்காமை ஆகியவற்றை உடனிருப்போர் கவனித்துச் சொல்ல வேண்டும். சாயமேற்றி எக்ஸ்-ரே படமெடுத்துச் சுருக்கத்தைக் கண்டறிகிறோம். பலூன் செலுத்தி விரிக்கிறோம். வீக்கம் பலருக்கு விரைவில் வடியும். ஆனால், சில மாதங்களில் சிரை மீண்டும் சுருங்கலாம். பலூன் சிகிச்சை திரும்பவும் தேவைப்படலாம். சிலருக்கு ஸ்டென்ட் வைக்கிறோம். சிரை முற்றிலும் அடைபட்டு வேறு வழியில்லையெனில் அந்த ஃபிஸ்டுலாவை மூடிவிட்டு, மறு கையையோ தொடையையோ நாடுகிறோம். வயிற்றின் வழியே வீட்டிலேயே செய்யும் டயாலிசிஸும் உண்டு. அதற்கான பைகள் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வழங்கப்படுகின்றன.

கை வீக்கத்துடன் வருவோர், முன்பு எப்பக்கம், எத்தனை நாள் டியூப் இருந்தது என்பதைக் காட்டும் பழைய டிஸ்சார்ஜ் சீட்டுகளைத் தவறாமல் கொண்டுவருக.