வெறுந்தட்டுச் சோதனை



பொருளை நிறுக்குமுன் தராசின் வெறுந்தட்டுகள் சமமாக நிற்கின்றனவா என்று பார்ப்பது நேர்மையான வணிகரின் வழக்கம். ஒரு பக்கத்தின் பல வடிவங்களை வருவோர்க்குப் பிரித்துக் காட்டி, எது மிகுபயன் தருகின்றது என்று அளக்கும் இணையதளச் சோதனைக்கும் அவ்வழக்கம் இன்றியமையாதது.

2008-ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தலில் ஒபாமாவின் இணையதள முகப்புக்கு 24 வடிவங்கள் அமைத்துச் சோதித்தனர். பணியாளர் விரும்பியது காணொளி. வென்றதோ குடும்பப் படம் தாங்கிய பக்கம். பதிவு செய்தோர் விகிதம் நூற்றுக்கு 8.26-லிருந்து 11.6 ஆக உயர்ந்தது.

இத்தகைய முடிவை நம்புவது எதனால்? அளந்த கருவி பழுதற்றது என்னும் உறுதியினால் அன்றோ! ஒரு வடிவத்தில் மட்டும் பொத்தான் கைபேசியில் இயங்காதிருப்பின் அவ்வடிவம் தோற்கும். தோல்வியின் காரணத்தை எண்கள் சொல்லா. ஆகவே, மக்களுக்குத் திறக்குமுன் ஒவ்வொரு வடிவத்தையும் கணினியிலும் கைபேசியிலும் இயக்கிப் பார்த்தல் வேண்டும். ஒவ்வொரு பதிவும் ஒருமுறையே கணக்கில் ஏறுகின்றதா, மீண்டும் வருபவர் முன்பு கண்ட வடிவத்தையே காண்கின்றாரா என்றும் ஆராய்தல் வேண்டும்.

பின்னர், ஒரே பக்கத்தை இரு பிரிவினருக்கும் காட்டி அளப்பர். இதுவே வெறுந்தட்டுச் சோதனை. நூற்றுக்கு 95 உறுதி என்னும் அளவில், தற்செயலாக இருபதில் ஒருமுறை வேறுபாடு தோன்றலாம். அடிக்கடி தோன்றின் கருவியில் பிழை உண்டு.

நல்லாசிரியர் வினாத்தாளுக்குத் தாமே விடை எழுதிப் பார்த்த பின்னரே வகுப்பிற்கு அளிப்பார். வினாவே பிழையாயின், மாணவனைத் தோற்றவன் என்பது நீதியாகுமா?